முதல் ரேங்க் எடுத்தவனை வெளியே நிறுத்திய கதை



நம் பழைய மாணவர் ஒருவர் நேற்று கேட்டிருந்தார்: "பையன் ஃபுட்பால், ஃபுட்பால்னு உயிரை விடறான் சார். படப்பையிலிருந்து தினமும் தாம்பரம் கூட்டிட்டுப் போறேன். நம்ம ஊர்ப் பசங்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?"

ஒத்துவரும் என்று 2019லேயே நிரூபித்தாகிவிட்டது. அதை மறக்கடித்துவிட்டார்கள். என் கோபம் அங்கேதான்.

2018-19 ஐ-லீக். நுங்கம்பாக்கத்தில் 1946இல் தொடங்கிய கிளப்பின் வழிவந்த சென்னை சிட்டி எஃப்.சி., கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடியது. மார்ச் 9, கடைசி ஆட்டம், எதிரே மினர்வா பஞ்சாப். மூன்றாம் நிமிடத்திலேயே நாம் ஒரு கோல் பின்னடைவு. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. நாம் சறுக்கினால் கோப்பை அவர்களுக்கு. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. நமக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல்முறை. வெளிநாட்டு வீரர்கள் மட்டும் ஜெயித்துக் கொடுத்ததாக யாரும் சொல்ல வேண்டாம். நெய்வேலிப் பையன் எட்வின் அந்த அணியில்தான் இருந்தார்.

அதே ஆண்டு ஐ.எஸ்.எல்.லில் நம் சென்னையின் எஃப்.சி. என்ன செய்தது? பத்து அணிகளில் பத்தாவது. 18 ஆட்டத்தில் 9 புள்ளி. (அவர்களும் நம் பிள்ளைகள்தான், இரண்டு முறை சாம்பியன். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.)

கடைசி ரேங்க் அதே வகுப்பில் தொடர்ந்தது. முதல் ரேங்க் வெளியே நின்றது. ஐ.எஸ்.எல். கதவு ஆடி ஜெயித்தவனுக்குத் திறக்கவில்லை, கட்டணம் கட்டியவனுக்குத் திறந்தது. அடுத்த பருவத்திலேயே நாட்டின் முதல்நிலை லீக் ஐ.எஸ்.எல். என்று அறிவித்தும் விட்டார்கள். ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம் என்ற விதி 2022-23 வெற்றியாளருக்குத்தான் வந்தது. அதற்குள் நம் அணி அந்த லீகிலேயே இல்லை. 2020-21தான் அதற்குக் கடைசிப் பருவம்.

"பணம் போடுகிறவன் பாதுகாப்புக் கேட்பானே சார்" என்பீர்கள். இங்கிலாந்தில் பணம் போடாமலா ஆடுகிறார்கள்? அங்கே கடைசி மூன்று அணிகள் ஆண்டுதோறும் கீழே இறங்குகின்றன. பணம் ஓடிப்போய்விடவில்லை.

நம் ஆட்களுக்குக் கிரிக்கெட்தான் தெரியும் என்று சொல்லும் மாமாக்களுக்கும் ஒரு கேள்வி. கோவையில் கோப்பையைத் தூக்கியபோது அது எந்த சேனலில் வந்தது என்றாவது தெரியுமா உங்களுக்கு?

தம்பி, பையனை அனுப்பு. சனிக்கிழமை நான் தாம்பரம் வருகிறேன், அவன் ஆடுவதைப் பார்க்கிறேன்.