இது யாருடைய குற்றமும் அல்ல



எங்கள் தாராபுரத்தில் ஒரு தாய் என்னிடம் வந்து கண்கலங்கி நின்றார். கலியாணம் பேசி வைத்திருந்த மகளுக்கு மாதக்கணக்காக மூட்டுவலி, விட்டு விட்டுக் காய்ச்சல். கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் சிவப்பு. வைத்தியர் 'லூபஸ்' என்றாராம். "எங்கள் இரத்தத்தில் உள்ள பழுதா மௌலவி? மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்து விடவா?" என்று கேட்டார். இதே கேள்வி உங்கள் வீட்டிலும் எழலாம்.

நோய்க் கிருமிகளை எதிர்க்க நம் உடலில் ஒரு காவல் உண்டு. அந்தக் காவல் ஆள் தெரியாமல் சொந்த வீட்டையே தாக்கினால் அதுதான் லூபஸ். தோல், மூட்டு, சிறுநீரகம் எதையும் அது தாக்கும். நோயாளர் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர்.

காரணம் ஒன்றல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளை அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை தனித்தனியே சிறிதளவே அபாயத்தைக் கூட்டும். இறந்த அணுக்களைக் கூட்டி அள்ள உதவும் 'சி4' மரபணு சிலருக்குக் குறைவாக இருக்கும். அள்ளப்படாத குப்பையைக் கண்டு காவல் குழம்புகிறது. 'டி.எல்.ஆர்.7' என்ற மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. இந்த ஒரு மரபணுவின் மாற்றமே ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்திக்கு லூபஸைக் கொடுத்தது என்று 2022இல் நிறுவினார்கள்.

மன்னார் மக்களுக்கு மலேரியாவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது 2016இல்தான். நோயெதிர்ப்புக்குக் கடிவாளம் போடும் ஒரு மரபணு உண்டு. அதன் ஒரு வகை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் அந்தக் கடிவாளம் தளர்கிறது. லூபஸ் அபாயம் கூடுகிறது. ஆனால் அதே வகை கென்யாவின் பிள்ளைகளைக் கடும் மலேரியாவிலிருந்து காத்ததாக 2010இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆபிரிக்க, ஆசிய மக்களிடம் அது அதிகம் காணப்படுவதற்கு இதுவே காரணமாகலாம் என்கிறார்கள். பழுது என்று நாம் வெட்கப்படுவது, நுளம்புக் காலத்தில் ஒரு பிள்ளையைப் பிழைக்க வைத்த கேடயமாகவும் இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். லூபஸுக்கு இன்று முதல் மருந்தான ஹைட்ரொக்ஸிகுளோரோகுவின், மலேரியாக் குளிசையின் உடன்பிறப்பே.

மரபணு மட்டும் நோயைத் தருவதில்லை. ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் வந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. விதை இருந்தாலும் மண்ணும் மழையும் சேர வேண்டுமல்லவா? வெயில், கிருமித் தொற்று, புகையிலை, பெண் ஹோர்மோன் எல்லாம் சேர்ந்தே அதை எழுப்புகின்றன. ஆகவே உம்மா வழியையோ வாப்பா வழியையோ ஏசுவது அநியாயம்.

செய்ய வேண்டியவை இவை. சுகம் கண்டதும் குளிசையை நிறுத்தாதீர்கள். சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளையும் கண் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். உச்சி வெயிலைத் தவிருங்கள். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பின், வைத்தியரைக் கேட்டே பிள்ளைப்பேற்றை நாடுங்கள். நோன்பு பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: "மறைக்காதீர்கள். மறைத்துக் கட்டிய கலியாணத்தில், குளிசையையும் மறைத்தல்லவா அவள் விழுங்க வேண்டும்?"