படம் யாருக்குச் சொந்தம்? எடுத்தவருக்கா, எடுக்கச் சொன்னவருக்கா?

கோலாலம்பூர் - தைப்பூசம் முடிந்த மறுநாளே பத்துமலைக் காவடிப் படங்கள் முகநூலிலும் புலனக் குழுக்களிலும் வலம் வரத் தொடங்கிவிடும். விடிய விடியக் காத்திருந்து ஒருவர் எடுத்த படம், அவர் பெயர் வெட்டப்பட்டு ஏதோ ஒரு கடையின் விளம்பரத்தில் வந்து நிற்கும். கேட்டால், “இணையத்தில் கிடந்ததுதானே” என்பார்கள். “நன்றி: முகநூல்” என்று போட்டால் போதும் என நினைப்பவர்களும் உண்டு.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் படத்துக்கு உரிமை உண்டு. ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு நியாயமாகப் பயன்படுத்த 13ஆவது பிரிவு இடம் தருகிறது. அப்போதும் எடுத்தவரின் பெயரைப் போட வேண்டும். ஒலி, ஒளிபரப்புச் செய்திகளுக்கு மட்டுமே விலக்கு. நோக்கம் வணிகமா, எடுத்தவரின் வருமானம் பாதிக்குமா என்பதும் பார்க்கப்படும். கடை விளம்பரம் இதில் தப்புவது கடினம்.

ஆனால், நம் படப்பிடிப்பாளர்கள் பலர் அறியாத சிக்கல் 26ஆவது பிரிவில் இருக்கிறது. திருமணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஒருவரை அமர்த்திப் படம் எடுக்கச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாத வரை, பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே போய்விடும். தாமாகப் பத்துமலைக்குப் போய் எடுத்த படம் அவருடையது. ஆலய நிர்வாகம் கூப்பிட்டு எடுத்த படம் நிர்வாகத்துடையது. ஆனாலும், தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை 25ஆவது பிரிவின்கீழ் எடுத்தவரிடமே இருக்கும்.

சிங்கப்பூரிலும் முன்பு இதே நிலைதான். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய சட்டம் அதை மாற்றியது. அங்கே, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் வாங்கி எடுத்த படமும் எடுத்தவருக்கே சொந்தம்.

இங்கு அந்த மாற்றம் வரும்வரை ஒப்பந்தம்தான் பாதுகாப்பு. முன்பணம் வாங்கும்போதே, உரிமை யாருக்கு, படங்களை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். உரிமை கைவசம் இருந்தால், படத்தை அகற்றும்படி இணையச் சேவை வழங்குநருக்கு அறிக்கை அனுப்பலாம். 48 மணி நேரத்தில் அகற்ற வேண்டும் என்கிறது சட்டம். நீதிமன்றம் போனால் ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரை இழப்பீடு விதிக்கவும் வழி உண்டு. உரிமையைக் கைமாற்றிவிட்டவருக்கு இந்த இரண்டும் கிடைக்காது.