வெள்ளம் வடிந்த பிறகு யார் வருவார்?



2015 டிசம்பர் மழையில் சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையே உற்பத்தியை நிறுத்தியது. பெரிய ஆலைகள் மீண்டுவிடும். அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள்? நனைந்த சிஎன்சி (கணினிவழி இயங்கும்) இயந்திரத்தைக் காயவைக்காமல் மின்சாரம் கொடுத்தால் மின்னணு போர்டு எரிந்துபோகலாம். தீ விபத்து இன்னும் கொடுமை: பிவிசி கேபிள் எரிந்த புகைக்கரி ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, தீ படாத இயந்திரத்தையும் அரிக்கும். பல இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் முகக்கவசம்கூட இல்லாமல் இந்தக் கரியைக் கழுவுகிறார்கள். மனம் பதறுகிறது.

அமெரிக்காவில் செர்வ்ப்ரோ நிறுவனம் 1969 முதல் உள்ளூர்க்காரர்களுக்குக் கிளை உரிமம் கொடுத்து, வெள்ளமும் தீயும் பாதித்த இடங்களைச் சுத்தம் செய்து மீட்பதைத் தனித்தொழிலாகவே வளர்த்திருக்கிறது. இங்கேயும் ஐடிஐ முடித்த இளைஞர்களுக்குப் பயிற்சியும், ஈரம் உறிஞ்சும் கருவிகள் வாங்கக் கடனும் கொடுத்து, சிப்காட் தொழிற்பேட்டை வளாகங்களிலேயே இத்தகைய மீட்பு மையங்கள் அமைக்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே.

— பட்டறை மேற்பார்வையாளர் ஒருவர், ஒரகடம்