வெயிலால் கிணறு தெளியுமா?

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் வழியில், கேரள எல்லைக்குள் இருந்தாலும் தமிழ் மணக்கும் ஊர் மீனாட்சிபுரம். அதற்கு அருகில் உள்ள பிளாச்சிமடையை உலகமே அறியும். 2000இல் அங்கு தொடங்கிய கோக்கோ கோலா ஆலையால் கிணறுகள் கெட்டன என்று 2002 ஏப்ரலில் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஆலைக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருப்பதாக 2003இல் சோதனைகள் கூறின. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

"வெயில் பட்டாலே மாசை அழிக்கும் பொருள் வந்துவிட்டதாமே, இனி என்ன கவலை?" என்று நம் அன்பர்களில் சிலர் கேட்கலாம். அந்தப் பொருள் டைட்டானியம் டை ஆக்ஸைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் இருப்பதும் இதுதான். இதன் மூலப்பொருளான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. ஒளிபட்ட இப்பொருள் நீரைப் பிரிக்கும் என்று 1972இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் உலகுக்குச் சொன்னார்கள். புற ஊதாக் கதிர் பட்டதும் இதன் மேற்பரப்பில் வீரியம் மிக்க வினைத்துகள்கள் உண்டாகின்றன. அவை சாயம், பூச்சிமருந்து போன்ற கரிமப் பொருள்களைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. பொருளோ தீர்ந்துபோவதில்லை. ஸ்பெயினில் அல்மேரியா ஆய்வு மையம் பூச்சிமருந்து கலந்த நீரை இம்முறையில் வெயிலிலேயே சுத்திகரித்துக் காட்டியிருக்கிறது.

அறிவியலின் அருமையான கொடைதான். ஆனால் இதைச் சர்வரோக நிவாரணியாக நம்புவது தவறு என்பது என் கருத்து. ஈயமும் காட்மியமும் தனிமங்கள். அவற்றை எந்த வெயிலாலும் உடைத்து இல்லாமல் செய்ய முடியாது. நீரில் கரைந்த உப்பும் அப்படியே இருக்கும். கலங்கிய நீரில் ஒளி இறங்காது. சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் 100இல் சுமார் 5 பங்குதான். அரைகுறையாக உடைந்த பொருள் சில சமயம் மூலப்பொருளைவிடக் கெடுதலாகவும் அமையலாம்.

ஆகவே, ஊரில் உள்ள பெற்றோருக்குச் சுத்திகரிப்புக் கருவி வாங்கப் பணம் அனுப்புமுன், கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கேரள நீர் ஆணையத்துக்குச் சோதனைக்கூடங்கள் உண்டு. என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்த பிறகே எது மருந்து என்று தீர்மானிக்க முடியும். கோயில் திருவிழாவுக்கு மனமுவந்து கொடுக்கும் நாம், ஊர்க் கிணறுகளின் சோதனைச் செலவையும் ஏற்கலாமே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளாச்சிமடை மக்களுக்கு இழப்பீடு பெற்றுத்தரக் கேரள சட்டமன்றம் 2011இல் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. நீரைக் கெடுத்தவரே அதைச் சீராக்க வேண்டும் என்ற நியாயம் நிலைபெறாதவரை, எத்தனை புதுப் பொருள் வந்தாலும் செலவும் துன்பமும் குடிப்பவர் தலையில்தான் விழும். வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த ஆராய்ச்சியில் ஈடுபடட்டும்; பெரியவர்கள் நாம் அந்த நியாயத்தைக் கேட்போம்.