மலிவான லேத்தும் மறைந்திருக்கும் விலையும்

வீட்டுப் பட்டறையில் உலோகம் கடையப் பழக விரும்பும் பலர் முதலில் நாடுவது, சீனாவில் தயாராகும் சிறிய லேத் இயந்திரத்தையே. ஏறத்தாழ 180 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. நீளமும் கொண்ட பொருளைச் சுழற்ற அதில் இடமுண்டு. ஒரே ஆலையின் வார்ப்பு, நிறமும் பெயரும் மாறி, வெவ்வேறு விலைகளில் சந்தைக்கு வருவதும் உண்டு.

விலை குறைவது எங்ஙனம்? வார்ப்பிரும்பின் எடையிலும், நகரும் பரப்புகளைச் சீராக்கும் உழைப்பிலும், பரிசோதனையிலும் செலவு குறைக்கப்படுகிறது. அந்த உழைப்பு மறைந்துவிடுவதில்லை. வாங்குபவரின் தோளுக்கு மாறுகிறது. பிரித்துத் துடைத்து, தளர்ச்சியை நீக்கி, தேவையெனில் பேரிங்கையும் மாற்றிய பின்னரே இயந்திரம் நம்பிக்கைக்குரியதாகிறது. வெட்டுளிகளும் அளவுக் கருவிகளும் சேர்ந்தால், அவற்றின் செலவு இயந்திரத்தின் விலையையே எட்டிவிடக்கூடும்.

ஆயினும் எல்லாச் சிக்கனமும் குறையன்று. பலரும் பழிக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரமே, சுமை மிகும்போது முதலில் உடைந்து, விலையுயர்ந்த உறுப்புகளைக் காக்கிறது.

ஆகவே, மலிவைத் தவறென்று நாம் கூறவில்லை. குறையை மறைத்து விற்பதை மார்க்கம் அனுமதிப்பதில்லை. விற்பவர் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். வாங்குபவர் பணத்தோடு தம் நேரத்தையும் கணக்கில் சேர்க்கட்டும். கற்க விரும்புவோருக்கு இவ்வியந்திரம் நல்ல ஆசான். அதை நம்பிக் குடும்பத்தை நடத்த எண்ணுவோரோ, இன்னும் சில காலம் சேமித்து, பழையதாயினும் கனமான இயந்திரத்தை நன்கு சோதித்து வாங்குவதே அறிவுடைமை.