பிக்சலை நம்பாதே, தேதியை நம்பு!

நான் படிக்கிறது பி.காம்., ஊர் குச்சனூர். வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊர்னா சனீஸ்வரர் கோயில். எங்களுக்குத் தண்ணிதான் எல்லாம். கம்பம் பள்ளத்தாக்கோட 14,707 ஏக்கர் இருபோக நெல்லும் முல்லைப் பெரியாறை நம்பித்தான் இருக்கு.

அதனால பைத்தான், பைக்யூட்கிராஃப் வச்சு ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். மூணு வரைபடம்: பெரியாறு நீர்மட்டம் (2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி 142 அடி வரை), வைகை நீர்மட்டம் (முழுக் கொள்ளளவு 71 அடி), மழை. ஒண்ணுல மவுசை நகர்த்தினா மூணுலயும் அதே தேதியில கோடு நிக்கணும். அம்புட்டுதான்.

சுலபமான வழின்னு சொன்னாங்க: மவுஸ் நிக்கிற பிக்சலை அப்படியே மத்த ரெண்டுக்கும் அனுப்பு. அனுப்பினேன். அப்பா பாத்துட்டு, "பெரியாறு திறந்த அன்னைக்கே வைகை இம்புட்டு ஏறிருச்சாடா?"ன்னாரு. மூணு இலக்க எண்ணுக்கு இடது அச்சு அகலமா இருக்கு, ரெண்டு இலக்கத்துக்கு ஒல்லியா இருக்கு. அதே பிக்சல், ஆனா வைகைப் படத்துல ரெண்டு நாள் தள்ளிப்போன தேதி!

"அச்சு அகலத்தைச் சமமாக்கிட்டா முடிஞ்சது"ங்கிறான் கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பன். ஒரு படத்தை மட்டும் ஜூம் பண்ணிப் பாருங்க, குட்டு உடையும்.

"ஒவ்வொரு விட்ஜெட்டும் தன் வேலையைத் தானே பாக்கணும், அதுதான் ஆப்ஜெக்ட் ஓரியண்டட்" என்பது அடுத்த உபதேசம். கோடு வரையறது அதனதன் வேலை, சரி. தேதி யார் வீட்டுச் சொத்து?

எங்க வகுப்புல முதல் பாடமே இதுதான். நடவடிக்கையை முதல்ல குறிப்பேட்டுல எழுது, அப்புறம் பேரேட்டுக்குக் கொண்டு போ. ஒரு பேரேட்டுக் கணக்கைப் பாத்து இன்னொண்ணைக் காப்பி அடிச்சா மார்க் போகும். இங்கயும் அதேதான். மவுஸ் இருக்கிற படம் தன் அளவுகோல்ல பிக்சலைத் தேதியா மாத்தி (அதுக்குத்தான் மேப்-சீன்-டு-வியூ இருக்கு) ஒரு பொது ஆப்ஜெக்ட்ல எழுதட்டும். அது மூணு படத்துக்கும் சொல்லட்டும். ஒவ்வொண்ணும் தன் அளவுகோல்ல கோடு போடட்டும். ஒரே நிபந்தனை: செய்தி கேட்டு நகர்ந்த கோடு திரும்பச் செய்தி அனுப்பக் கூடாது. அனுப்பினா பந்தாட்டம்தான்.

நாலாவதா ஒரு படம் சேர்த்தா பழைய மூணையும் தொடவே வேண்டாம்.

கோடு வரலைன்னா பிழைன்னு உடனே தெரியும். தப்பான தேதியில அழகா வந்து நிக்கிற கோட்டைத்தான் ஊரே நம்பும். எங்கப்பா கேள்வி கேட்டாரு. எல்லாரும் கேப்பாங்களா? :-)