ஆர்டர் வந்தா எல்லாருக்கும் லாபம். ஆர்டர் நின்னா யாருக்கு நஷ்டம்?



"உலகமயமாக்கல் நல்லதா, கெட்டதா?" பள்ளிக்கூடப் பட்டிமன்றத்துல கேட்ட தலைப்புதான். இப்போ கமெண்ட் பாக்ஸ்ல தினமும் ஓடுது. "1991-ல கதவைத் திறக்கலைன்னா உன் கையில இந்த போன் இருக்குமா?"ன்னு ஒருத்தர். "நாட்டையே அந்நியனுக்கு வித்துட்டாங்க"ன்னு இன்னொருத்தர். ரெண்டு பேருமே பாதி உண்மையைத்தான் சொல்றாங்க.

நாம பட்டிமன்ற நடுவரா உட்கார வேண்டாம். ஒரே ஒரு ஊரை எடுத்துப் பார்ப்போம். திருப்பூர்.

1970-களின் கடைசி வரைக்கும் திருப்பூர்னா பனியன், ஜட்டி. பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைதான். அதுக்கப்புறம் ஐரோப்பாவிலிருந்து வாங்குறவங்க வர ஆரம்பிச்சாங்க. 1991-ல் ரூபாயின் மதிப்பைக் குறைச்சாங்க, இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினாங்க. 2005 ஜனவரி 1-ம் தேதி, பணக்கார நாடுகள் துணி இறக்குமதிக்கு வெச்சிருந்த கோட்டா முறை முடிவுக்கு வந்தது. அதுவரைக்கும் ஒரு நாடு இவ்வளவு பீஸ்தான் அனுப்பலாம்னு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு போனதும் ஆர்டர் குவிந்தது. 2024-25-ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊர்தான்.

இதை யாரும் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. மழையை நம்பி இருந்த குடும்பங்களுக்கு வாரச் சம்பளம் கிடைச்சது. சொந்தமா சம்பாதிக்கிற பெண்கள் லட்சக்கணக்கில் உருவானாங்க. கூலிக்கு வேலை பார்த்தவர்களில் பலர் பின்னாடி சொந்தக் கம்பெனி தொடங்கினாங்க. மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கும், இப்போ பீகார், ஒடிசாவிலிருந்து வருகிறவர்களுக்கும் சோறு போடுற ஊர் அது. உலகச் சந்தை இல்லாம இது நடந்திருக்காது.

சரி, இதே கதையோட அடுத்த பக்கத்தைப் பாருங்க.

2025 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஆகஸ்ட் 27-ல் அது 50 சதவீதம் ஆனது. காரணம்? இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குதாம். அதே நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம்தான். திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போறது.

இப்போ சங்கிலியைப் பாருங்க. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து. பிராண்ட் ஆர்டரை நிறுத்தி வைக்குது, இல்லைன்னா "வரியில் பாதியை நீயே ஏத்துக்கோ, விலையைக் குறை"ன்னு கேட்குது. ஏற்றுமதிக் கம்பெனி ஜாப் ஒர்க் கொடுக்கிறதைக் குறைக்குது. நிட்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி யூனிட்டுகள் படுக்குது. பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லருக்கும், கைமடி வேலை பார்க்கிற அக்காவுக்கும் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகுது, அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் ஆகுது.

அந்த அக்கா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கலை. வரி போடவும் இல்லை. வர்த்தகப் பேச்சுவார்த்தையில் உட்காரவும் இல்லை. ஆனா சனிக்கிழமை சம்பளக் கவர் மெலிஞ்சது அவங்களுக்குத்தான்.

கவனிங்க, இது ஒரு வரியோட கதை இல்ல. 2020-ல் கொரோனா வந்தப்போ உலகம் முழுக்கப் பல பிராண்டுகள், தைத்து முடித்த ஆர்டரைக்கூட ரத்து செய்தன. அப்பவும் நஷ்டம் சங்கிலியில் கீழே இறங்கி, கடைசி ஆள் மேலதான் விழுந்தது. வரி குறையும், கூடும். பேச்சுவார்த்தை நடக்கும், முறியும். நஷ்டம் இறங்குற பாதை மட்டும் மாறுறதே இல்லை.

இன்னொரு கணக்கு நொய்யல். சாயப்பட்டறைக் கழிவு வருஷக்கணக்கா ஆற்றில் போனது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்குற குட்டையா மாறினது. ஈரோடு, கரூர் மாவட்ட விவசாயிகள் நிலத்தையும் கிணத்தையும் இழந்து நீதிமன்றப் படி ஏறினாங்க. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்கிற முறைக்கு ஊர் மாறினது அதுக்கப்புறம்தான். நல்ல மாற்றம்தான். ஆனா அந்தச் சட்டையைக் குறைஞ்ச விலைக்கு வாங்கி வித்த பிராண்டுகளுக்கு, ஆற்றைச் சுத்தம் செய்யும் செலவில் பங்கு தரணும்னு எந்தச் சட்டமும் சொல்லலை. சட்டை கப்பலேறிப் போச்சு. சாயம் இங்கேயே தங்கிடுச்சு.

"அப்போ கதவை மூடிடலாமா?"ன்னு கேட்பீங்க. வேண்டாம். மூடி வெச்சு என்ன ஆச்சுன்னும் பார்த்திருக்கோம். 1991-ல் சில வார இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி மிச்சம் இருந்தது. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடமானம் வெச்சது. இன்னைக்குக் கதவை மூடினா முதல்ல வேலை போறது அதே டெய்லருக்குத்தான். கோவைப் பக்கத்துப் பம்பு, ஸ்ரீபெரும்புதூர் போன், ஓ.எம்.ஆர். ஐ.டி. வேலை எல்லாமே வெளிநாட்டு ஆர்டரோட பின்னிக் கிடக்குது.

இன்னொரு பாடம் அமெரிக்காவிலேயே இருக்கு. இறக்குமதியால் வேலை இழக்கும் தொழிலாளிக்கு உதவித்தொகையும் புதுத்தொழில் பயிற்சியும் தர 1962-லேயே அங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க. "நாட்டுக்கு லாபம் தர்ற வர்த்தகத்தால் ஒருத்தன் தெருவுக்கு வந்தா, அந்த லாபத்திலிருந்து அவனுக்குக் கை கொடு" என்பதுதான் தத்துவம். ஆனா பாதிப்போட அளவுக்கு அந்த உதவி வளரவே இல்லை. 2022-ல் புது ஆட்களைச் சேர்ப்பதையும் நிறுத்திட்டாங்க. தொழிற்சாலை போன ஊர்களின் கோபம் ஓட்டாக மாறினது. அந்த ஓட்டு வரியாக மாறினது. அந்த வரி திருப்பூருக்கு வந்து சேர்ந்தது. அங்கே நஷ்டப்பட்டவனைக் கைவிட்டதோட விலையை இங்கே ஒரு தொழிலாளி கட்டுறாங்க.

ஆக, கதவைத் திறக்கணுமா மூடணுமாங்கிற கேள்வியே தப்பு. திறந்த கதவு வழியா காத்து வரும்போது எல்லாரும் அனுபவிக்கிறோம். புயல் வரும்போது யார் நனையுறாங்க? அதை யார் முடிவு பண்றாங்க? இதுதான் கேள்வி.

"உலகச் சந்தை அப்படித்தான், யாரும் ஒண்ணும் செய்ய முடியாது"ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. விதி எழுதினது மனுஷங்கதான். மாத்தவும் முடியும்.

2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,134 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள், சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. நம்ம திண்டுக்கல்லிலும் நடந்திருக்கு. ஒரு இளம் தலித் பெண் தொழிலாளி 2021-ல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022-ல் ஆடைக் கம்பெனியையும் எச் அண்ட் எம் பிராண்டையும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தது. வாங்குற பிராண்டே பொறுப்பேற்கணும்னு எழுதி வாங்கினாங்க. உலகச் சங்கிலி கீழே நஷ்டத்தை இறக்கத்தான் பயன்படணுமா? மேலே பொறுப்பை ஏத்தவும் பயன்படும்னு அந்தப் பெண்கள் காட்டிட்டாங்க.

அதனால நாம கேட்க வேண்டியது மூணு விஷயம்.

முதலாவது, ஒப்பந்தம் போடும்போது மாநிலத்தின் குரல். வெளிநாட்டு ஒப்பந்தமும் வெளிநாட்டு வர்த்தகமும் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கு. தண்ணீரும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில். அதாவது கையெழுத்து டெல்லியில், நொய்யல் நம்ம தலையில். பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. வரி குறைஞ்சா திருப்பூருக்கு நல்லதுதான், வரவேற்போம். ஆனா பாதிக்கப்படக்கூடிய மாநிலத்தைக் கலந்து பேசணும் என்பது சலுகையா இல்லாம கட்டாய விதியா இருக்கணும்.

இரண்டாவது, ஆர்டர் நின்னா சம்பளப் பாதுகாப்பு. வேலை இழந்தவருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொஞ்ச காலம் தரும் திட்டத்தை இ.எஸ்.ஐ. 2018-ல் கொண்டுவந்தது. ஆனா இ.எஸ்.ஐ. பதிவே இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? ஏற்றுமதிக்குச் சலுகை கொடுக்கும்போதே, அந்தச் சங்கிலியின் கடைசி யூனிட் வரைக்கும் தொழிலாளியைப் பதிவு செய்யணும்னு நிபந்தனை வைக்கட்டும்.

மூன்றாவது, பிராண்டுக்கும் பொறுப்பு. ஆர்டரை ரத்து செய்தால் தைத்த கூலிக்கு யார் பொறுப்பு, தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு, இதெல்லாம் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே வரணும். ஒரு ஊர் மட்டும் கேட்டா ஆர்டரைப் பக்கத்து நாட்டுக்கு மாத்துவாங்க. திருப்பூரும் டாக்காவும் சேர்ந்து கேட்டா எங்கே மாத்துவாங்க? வங்கதேசத் தொழிலாளி நமக்குப் போட்டியாளர் இல்லை தோழர்களே. அதே சங்கிலியில் நம்ம பக்கத்துல நிக்கிற ஆள்.

ஒண்ணு செய்யுங்க. உங்க தொகுதி எம்.பி. யாரா இருந்தாலும், எந்தக் கட்சியா இருந்தாலும், நம்ம கட்சியாவே இருந்தாலும், இந்த மூணு கேள்வியை அவர் பக்கத்துல போய்க் கேளுங்க. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவங்க, ஜாப் ஒர்க் யூனிட் நடத்துறவங்க யாராவது இதைப் படிச்சா, 2025 ஆகஸ்டுக்கு அப்புறம் உங்க ஷிப்ட் எத்தனை ஆச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. ஏற்றுமதிக் கணக்கு எல்லாப் பேப்பர்லயும் வருது. உங்க வாரக் கணக்கு எங்கேயும் வர்றதில்லை. அது இங்கே வரட்டும்.

படிச்சவங்க பகிருங்க.

#திருப்பூர் #நஷ்டத்திலும்_பங்கு_கேட்போம்